கணேஷ் கிடைத்துவிடுவார், வசந்த் கிடைப்பாரா?



சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதை நிரப்ப ஒரு கேள்வியைப் போட்டோம். 'சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரையும் இன்று படமாக்கினால் யாரை நடிக்க வைப்பீர்கள்?' அவ்வளவுதான். இரண்டு வாரமாக அஞ்சல்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் கடிதங்களை எடுக்கிறார். கண்மாய் தூர்வாருவதைப் பற்றித் தலையங்கம் எழுதியபோது வந்த கடிதங்களை ஒரு கையில் பிடித்துவிடலாம். இதற்கு வந்தவற்றை வைக்க அட்டைப்பெட்டி தேடினோம். வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று உதவி ஆசிரியர் கேட்டார். முதலில் படிப்போம் என்றேன்.

திருமயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கணேஷுக்கு அரவிந்த்சாமியைச் சொல்கிறார். வசந்துக்கு எண்பதுகளில் இருந்த கமல்ஹாசன்தான் வேண்டுமாம். அந்தக் கமல் இனிக் கிடைக்கமாட்டார், ஆகவே இந்தப் படத்தை எடுக்கவே வேண்டாம் என்று முடித்திருக்கிறார். கீரனூரிலிருந்து எழுதிய கல்லூரி மாணவி மாதவனையும் மணிகண்டனையும் ஜோடி சேர்க்கிறார். ஆலங்குடியிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் வைத்திருக்கிறார்கள். அண்ணன் வசந்துக்கு மிர்ச்சி சிவா என்கிறார். தம்பி, 'அண்ணன் சொல்வதை அச்சிட வேண்டாம், சார்' என்று தொடங்குகிறார். பொன்னமராவதிக் கடைக்காரர் ஒருவரின் கார்டில் ஒரே வரிதான்: ரஜினி நடித்தாகிவிட்டது, அதோடு விட்டுவிடுங்கள். கந்தர்வகோட்டையிலிருந்து எழுதிய அம்மா ஒருவர் நடிகர் பெயர் எதையும் சொல்லவில்லை. வசந்த் மாதிரியே ஒரு கொழுந்தனார் தங்கள் வீட்டில் இருந்ததாகவும், இப்போது பேரன் எடுத்துவிட்டதாகவும், இருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடிதம்.

புதிதாக வந்த இளைய வாசகர்களுக்காக இரண்டு வரி. எழுத்தாளர் சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வரும் கணேஷ் வக்கீல். அலுவலகம் சென்னை தம்புச் செட்டித் தெருவில். 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமானவர். வசந்த் அவருடைய ஜூனியர், சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தவர். கணேஷ் யோசிப்பார், வசந்த் பேசுவார். கேஸ் கட்டைப் பிரிப்பதற்குள் வசந்துக்கு ஒரு பெண் கண்ணில் பட்டுவிடும், ஒரு ஜோக்கும் ஞாபகம் வந்துவிடும். அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை அவர் தொடங்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். அதை முழுதாகக் கேட்காமலே ஒரு தலைமுறை வாசகர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

கடிதங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. யார் எந்த நடிகரைச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் கதையை எப்படிப் படித்தார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. வாரப் பத்திரிகையில் தொடராகப் படித்தவர்களின் கண்ணில் ஓவியர் ஜெயராஜ் வரைந்த கணேஷும் வசந்தும் நிற்கிறார்கள். அவர்கள் தேடுவது அந்தக் கோட்டோவியத்துக்குப் பொருந்துகிற முகத்தை. மூக்கு, கிருதா, சட்டைக் காலர் வரை எழுதியிருக்கிறார்கள். புத்தகமாகப் படித்தவர்களிடம் முகம் இல்லை, குரல் இருக்கிறது. இவர்கள் 'இந்த வசனத்தை இவர் சொன்னால் நன்றாக இருக்கும்' என்கிறார்கள். மூன்றாவதாக, 'ப்ரியா' படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவர்கள். அவர்களுக்குக் கணேஷ் என்றாலே ரஜினிகாந்த். மாற்றிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

ஆக, சண்டை நடிகர்களைப் பற்றியே அல்ல. அவரவர் தலைக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓடி முடிந்துவிட்டது. அதில் நடித்தவரை மாற்றாதீர்கள் என்கிறார்கள்.

இந்தச் சண்டை நம் ஊருக்குப் புதிதில்லை. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் சினிமாவுக்குள் நுழைந்ததே ஒரு துப்பறியும் நாவல் வழியாகத்தான். பி.யு. சின்னப்பாவைச் சொல்கிறேன். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெயரெடுத்த அவருக்கு முதல் படம் 1936-ல் வந்த 'சந்திரகாந்தா'. ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல் அது. மடாதிபதி வேடத்தில் நடக்கும் அக்கிரமங்களைத் தோலுரித்த கதை என்பதால் அந்தக் காலத்தில் பரபரப்பாக விற்றது. படத்தில் சின்னப்பாவுக்குக் கிடைத்தது சுண்டூர் இளவரசன் வேடம். ரங்கராஜு கதைகளில் துப்பறியும் வேலையைப் பார்ப்பவர் கோவிந்தன். அந்தக் காலத்து வாசகர்களுக்குக் கோவிந்தன்தான் கணேஷ். நம் ஊர்க்காரருக்கு அது வாய்க்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நான்கே ஆண்டுகளில், 1940-ல், 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டு அசத்தினார். சினிமாவில் சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிப் போட்டார் என்றும், இனி இவருக்கு யாரும் வீடு விற்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்றும் இன்னும் ராஜவீதிகளில் சொல்வார்கள். சொல்பவருக்குத் தக்க வீடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், நான் குறுக்கிடுவதில்லை. 1951-ல், 35 வயதில், அவர் போய்விட்டார்.

இன்னொரு புதுக்கோட்டைக்காரர் ஜெமினி கணேசன். 1920-ல் இங்கே பிறந்தவர். நடிகர் ஆவதற்கு முன் ஜெமினி ஸ்டூடியோவில் அவர் பார்த்த வேலை, வாய்ப்புத் தேடி வருபவர்களில் யார் எதற்குத் தேறுவார்கள் என்று பார்த்துச் சொல்வது. நாம் இப்போது கார்டு போட்டுச் செய்கிற வேலையை அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார். இலுப்பூர் வாசகர் ஒருவர், 'பெயரே கணேசன். வக்கீல் கோட்டு மாட்டினால் போதாதா?' என்று கேட்டிருக்கிறார். கோட்டு பொருந்தும். ஆனால் குற்றவாளியைக் கூண்டில் மடக்கும்போது ஜெமினி முகத்தில் காதல் வந்துவிடுமே என்று எனக்கு ஒரு பயம்.

அந்தப் பயத்தில் விஷயம் இருக்கிறது. மர்மக் கதை நாயகனாக நம் சினிமாவில் யார் யார் நடித்தார்கள் என்று பாருங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலை மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'திகம்பர சாமியார்' என்று எடுத்தது. வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் குற்றத்தை வெளிக்கொண்டுவரும் அந்தச் சாமியார் யார் தெரியுமா? எம்.என். நம்பியார். அடுத்த ஆண்டே ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. அதில் கதாநாயகனாக அறிமுகமானவர் ஆர்.எஸ். மனோகர். பின்னாளில் திரையில் தலைகாட்டினாலே கொட்டகையில் பெண்கள் சாபம் விட்ட இரண்டு பேரும் முதலில் துப்பறியும் நாவல்களின் நல்லவர்களாக வந்தவர்கள். ('திகம்பர சாமியார்' கதையில் வில்லன் ஒரு வக்கீல். அந்தப் படம் வந்து இருபது ஆண்டுக்குள் வக்கீலே ஹீரோவாகிவிட்டார். வக்கீல் வாசகர்கள் சுஜாதாவுக்கு நன்றி சொல்லலாம்.)

சுஜாதாவின் கதைகளுக்கு வந்தாலும் இதே கூத்துதான். 1977-ல் 'காயத்ரி' படமானது. அதில் மனைவியைச் சித்திரவதை செய்யும் வில்லன் ரஜினிகாந்த். அடுத்த ஆண்டு எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ப்ரியா'வில் அதே ரஜினி வக்கீல் கணேஷ். இரண்டு படத்திலும் துன்பப்படுபவர் ஸ்ரீதேவிதான். சென்ற ஆண்டு கொடுமைப்படுத்தியவர் இந்த ஆண்டு காப்பாற்ற வருகிறார். அதே 1978-ல் 'அனிதா இளம் மனைவி' நாவல் 'இது எப்படி இருக்கு' என்ற பெயரில் வந்தது, நாயகன் ஜெய்சங்கர். தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்று ஏற்கெனவே பட்டம் வாங்கியவர். அதோடு முடிந்ததா? 1980-ல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்கு வில்லன் ஜெய்சங்கர். தம்புச் செட்டித் தெருவுக்கு உரிமை கொண்டாடக்கூடிய இரண்டு பேர் மோதிக்கொண்ட தமிழ்ப் படத்தைப் பார்த்து நாம் விசிலடித்திருக்கிறோம்.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு ஒன்று உண்டு, நீங்கள் மறுக்கலாம். துப்பறிகிறவன் குற்றவாளியைப் போல யோசிக்க வேண்டும். ஆகவே கண்ணில் கொஞ்சம் கெட்ட புத்தி தெரிகிற நடிகர்தான் அதற்குப் பொருந்துவார். கணேஷ் வேடத்துக்கு உங்களில் பலர் 'பார்த்தாலே மரியாதை வருகிற முகம்' கேட்டிருக்கிறீர்கள். மரியாதை கல்யாணப் பந்தலுக்குப் போதும்.

'ப்ரியா' பற்றியும் ஒரு வார்த்தை. நாவலில் லண்டன், படத்தில் சிங்கப்பூர், மலேசியா. நாவலில் மூளை ஓடும், படத்தில் கார் ஓடும். படம் ஓடியது, இளையராஜாவின் பாட்டுகள் இன்றும் ஓடுகின்றன. சுஜாதாவின் வாசகர்கள் மட்டும் அன்று தொடங்கிய முணுமுணுப்பை இன்னும் நிறுத்தவில்லை. அதை ரஜினியின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நட்சத்திரம் உள்ளே வந்தால் கதை எழுந்து நின்று இடம் விட வேண்டியிருக்கிறது. கணேஷ் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி முக்கால்வாசி நாவலை ஓட்டுகிறவர். எந்த ரசிகர் மன்றம் அதற்கு ஒப்புக்கொள்ளும்?

வெளியுலகமும் இதற்கு விலக்கில்லை. லீ சைல்ட் எழுதிய ஜாக் ரீச்சர் நாவல்களில் நாயகன் 6 அடி 5 அங்குலம். கதவு வழியாக நுழைந்தாலே எதிரி பாதி தோற்றுவிடுவான், அதுதான் கதையின் அஸ்திவாரம். 2012-ல் படம் வந்தபோது நாயகன் டாம் க்ரூஸ். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே துண்டு விழுந்தது. வாசகர்கள் கொதித்தார்கள். 2016-ல் இரண்டாவது படமும் வந்தது, கொதிப்பு அடங்கவில்லை. கடைசியில் எழுத்தாளரே வாசகர்கள் பக்கம் சாய்ந்தார். 2022-ல் வெப் தொடராக வந்தபோது ஆலன் ரிட்ச்சன் என்ற ஆஜானுபாகுவைப் போட்டார்கள், ஊர் அமைதியானது. இதற்கு நேர்மாறும் உண்டு. 1962-ல் ஜேம்ஸ்பாண்டாக ஷான் கானரியைப் போட்டபோது இயன் ஃப்ளெமிங்குக்கே பிடிக்கவில்லை, மனிதர் முரடாக இருக்கிறார் என்று நினைத்தார். படத்தைப் பார்த்தபின் மனம் மாறி, பின்னால் எழுதிய நாவலில் பாண்டின் அப்பாவை ஸ்காட்லாந்துக்காரர் ஆக்கினார். கானரி ஸ்காட்லாந்துக்காரர். நடிகருக்காக நாயகனின் பூர்வீகத்தையே மாற்றி எழுதிய கதை அது.

ஆனால் நம் விவாதத்துக்கு உண்மையில் உதவுவது வங்காளம்தான். சத்யஜித் ராய் ஃபெலுதா என்ற துப்பறிவாளரை உருவாக்கினார். எழுதியவரும் அவரே, ஓவியம் போட்டவரும் அவரே, படம் எடுத்தவரும் அவரே. வாசகர் சண்டைக்கு இடமே வைக்காத மனிதர். 'சோனார் கெல்லா' 1974-ல் வந்தது, 'ஜய் பாபா ஃபெலுநாத்' 1979-ல். இரண்டிலும் சௌமித்ர சாட்டர்ஜி ஃபெலுதா. கூடவே வரும் எழுத்தாளர் ஜடாயுவாக சந்தோஷ் தத்தா. சந்தோஷ் தத்தா 1988-ல் இறந்தபோது, இனி ஃபெலுதா படம் எடுக்கப்போவதில்லை என்று ராய் நிறுத்திவிட்டார். கவனியுங்கள், நாயகனாக நடித்தவர் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். போனவர் கூட வருகிறவர். அவர் இல்லாமல் முடியாது என்று படைத்தவரே சொல்லிவிட்டார்.

வசந்த் விஷயமும் அதுதான் என்பது என் கட்சி. உங்கள் கடிதங்களில் கணேஷுக்குப் பத்துப் பேரைச் சொல்லியிருக்கிறீர்கள், பத்தில் ஆறு பேர் ஒப்பேற்றிவிடுவார்கள். வசந்துக்குச் சொன்ன ஒவ்வொரு பெயரையும் அடுத்த கடிதம் அடித்துப் போடுகிறது. காரணம் எளிது. வசந்த் பேசுவதை அப்படியே இன்றைக்குத் திரையில் பேசினால் பாதிக்கு மேல் பெண்களிடம் அறை வாங்கும். எழுபதுகளில் கண்டுகொள்ளாமல் சிரித்தோம். கீரனூர் மாணவியும் இதைத்தான் எழுதியிருக்கிறார்: 'வசந்த் புத்திசாலி, ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வேண்டாம்.' அந்த வாயை வைத்துக்கொண்டும் அவரை வெறுக்க முடியாதபடி நடிக்க வேண்டும். ஜோக்கை நன்றாகச் சொல்பவர்கள் நிறைய. ஜோக் தடைபட்டு நிற்கும்போது நன்றாக இருப்பவர் யார்? நாகேஷ் இளமையில் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அப்போது வசந்த் பிறக்கவில்லை.

'எங்களுக்கு வந்தியத்தேவனே கிடைத்துவிட்டார், வசந்த் கிடைக்கமாட்டாரா?' என்று விராலிமலை வாசகர் ஒருவர் தெம்பூட்டியிருக்கிறார். அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் கொடும்பாளூர். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் இரண்டு கோயில்கள் இன்னும் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். வானதி அந்த ஊர்ப் பெண் என்பதால் 'பொன்னியின் செல்வன்' நடிகர் தேர்வில் நமக்குத் தனி உரிமை உண்டு என்ற நினைப்பு இந்த மாவட்டத்தில் எப்போதும் இருந்திருக்கிறது. 1958-லேயே எம்.ஜி.ஆர். அதைப் படமாக்குவதாக அறிவித்தார், நடக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு தலைமுறையும் அந்தந்தக் காலத்து நடிகர்களை வைத்து டீக்கடையில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டே இருந்தது. 2022-ல் கார்த்தி குதிரையில் வந்து இறங்கினார், சண்டை ஓய்ந்தது. முழுதாக ஓயவில்லை. வானதியாக வந்த சோபிதா துலிபாலாவைப் பற்றிக் கொடும்பாளூர்ப் பக்கம் இன்னும் இரண்டு கட்சி. பெரிய வேளாராக வந்த பிரபுவைப் பற்றி ஒரே கட்சிதான்.

ஆனால் வந்தியத்தேவனுக்கு ஓவியர் மணியம் முகம் கொடுத்தார், அந்தப் படங்களை மறுபதிப்புகளிலும் பார்க்க முடிந்தது. ஆகவே எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் பொதுவாக ஒரு ஆதாரம் இருந்தது. கணேஷ், வசந்துக்கு அது இல்லை. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான சுஜாதா பதிப்புகளில் உள்ளே எழுத்து மட்டும்தான். ஜெயராஜின் படங்கள் வாரப் பத்திரிகைத் தாளோடு போய்விட்டன. பாதிப் பேர் பார்த்த முகத்தை மீதிப் பேர் பார்த்ததே இல்லை. அப்புறம் எப்படி ஒத்துப்போகும்?

என் தேர்வைச் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று ஆலங்குடித் தம்பி அடுத்த கடிதத்தில் எழுதுவார். சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் வேண்டாம். கணேஷ், வசந்த் இருவருக்கும் நாடக மேடையிலிருந்து, நாம் பெயர் கேள்விப்படாத இரண்டு பேர். படமாக வேண்டாம், தொடராக. கதைக்கு ஒரு வழக்கு, வழக்குக்கு நான்கு வாரம். 'கொலையுதிர் காலம்' முதலில். மெக்ஸிகோ சலவைக்காரி கடைசி வாரத்தின் கடைசிக் காட்சியில்கூட முடியக்கூடாது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்துப் பழைய வீடுகளில் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி பைண்டு செய்து வைக்கும் பழக்கம் இருந்தது. அப்பத்தாக்களும் சித்திகளும் செய்த வேலை அது. பரணைச் சுத்தம் செய்யும்போது அவை எடைக்குப் போகின்றன. தயவுசெய்து போடாதீர்கள். ஓவியங்களோடு கதை முழுதாக இருப்பது அவற்றில்தான். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகம் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு இருக்கிறது. பழைய தமிழ் இதழ்களின் அருமை தெரிந்த இடம். அங்கே கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லை என்றால் எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள், நாங்களே வந்து பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு புத்தகத்தை உங்களிடமே விட்டுவிட்டு வருகிறோம். சங்கர்லால் துப்பறியும் கதையாக இருந்தாலும் சரி, பரத்–சுசீலா துப்பறியும் கதையாக இருந்தாலும் சரி.

அடுத்த மாதக் கேள்வி: தமிழ்வாணனின் சங்கர்லாலாக யார்? பதில்கள் 10-ம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். அண்ணன் தம்பிகள் தனித்தனி உறையில் அனுப்பவும்.

அன்புடன்,
ஆசிரியர்